கயாக்குக்கு எந்தத் துடுப்பு சரி? நீளம், எடை, அலகு... தண்ணீரில் இறங்கும் முன் பார்க்க வேண்டியவை

கோடை விடுமுறை வந்துவிட்டால் கள்ளக்குறிச்சி மாவட்டத்து மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கல்வராயன் மலைதான். வெள்ளிமலை, மேகம் அருவி, பெரியார் அருவி, கரியாலூர் படகுத்துறை என்று ஒரு நாளில் சுற்றிவிட்டு இறங்கிவிடலாம். படகுத்துறையில் ஒரு ரவுண்டு போய் வந்த இளைஞர்கள் அடுத்து கேட்பது, "கயாக் எங்கே ஓட்டலாம்?" என்பதைத்தான்.

அதற்கான விடை, மலையிலிருந்து இறங்கும் தண்ணீரோடு போனாலே கிடைத்துவிடும். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு மணிமுக்தாவில் சேர்கிறது. மணிமுக்தா விருத்தாசலம் வழியாகப் போய் வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அங்கிருந்து தெற்கே கொள்ளிடம் வரை உள்ள நீர்ப்பரப்பில்தான் பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையின் சூழல் சுற்றுலாவிலேயே கயாக் இருக்கிறது. சென்னைக்கு அருகே கோவளம் பக்கம் போனாலும் கயாக் ஓட்டக் கற்றுத் தருகிறார்கள்.

ஆனால் இதுபோன்ற இடங்களுக்குப் போகும் பலரும் செய்யும் ஒரு தவறு உண்டு. எந்தப் படகில் ஏறலாம் என்று கலர் பார்த்து, சைஸ் பார்த்து தேர்வு செய்வார்கள். துடுப்பு என்று வரும்போது மட்டும், "ஏதாவது ஒண்ணு கொடுங்கண்ணே, எல்லாம் ஒண்ணுதானே" என்று வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்த அலட்சியத்தின் விலை, போகும்போது தெரியாது. எதிர்க்காற்றில் திரும்பி வரும்போதுதான் தெரியும்.

துடுப்பு ஏன் அவ்வளவு முக்கியம்?

கயாக்கில் மோட்டார் கிடையாது, பாய் கிடையாது. துடுப்புதான் இன்ஜின், துடுப்புதான் ஸ்டீயரிங், துடுப்புதான் பிரேக். படகு ஆடும்போது விழாமல் தாங்கிப் பிடிப்பதும் அதே துடுப்புதான்.

சாதாரண துடுப்புப் படகுக்கும் கயாக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. துடுப்புப் படகில் துடுப்பு, படகின் விளிம்பில் ஒரு வளையத்திலோ கொண்டியிலோ மாட்டப்பட்டிருக்கும். அதன் எடையில் பெரும்பகுதியைப் படகு தாங்கிக்கொள்ளும். கயாக்கில் அப்படி எந்தப் பிடிமானமும் இல்லை. துடுப்பின் மொத்த எடையையும் ஓட்டுபவரின் கைகளும் தோள்களும்தான் சுமக்க வேண்டும். அதனால்தான் நீளத்தில் பத்து சென்டிமீட்டர் மாறினாலும், எடையில் சில நூறு கிராம் கூடினாலும் உடம்பு உடனே சொல்லிவிடும்.

ஒற்றை அலகா, இரட்டை அலகா?

துடுப்பில் தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதிக்கு அலகு என்று பெயர். கயாக் துடுப்பில் தண்டின் இரண்டு பக்கமும் அலகு இருக்கும். உட்கார்ந்தபடி இடது, வலது என்று மாற்றி மாற்றிப் போடலாம். கனூ என்ற படகுக்கு ஒரு பக்கம் மட்டுமே அலகு. ஒகேனக்கல் பரிசல்காரர் கையில் இருப்பதும் ஒற்றை அலகுத் துடுப்புதான்.

இந்த இரண்டும் வேறு வேறு வித்தை என்பதற்கு நம் நாட்டு வீராங்கனை ஒருவரே நல்ல உதாரணம். மத்தியப் பிரதேசத்தின் குவாலியரைச் சேர்ந்த பிராச்சி யாதவ், 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் இரண்டு பதக்கம் வென்றார். இரட்டை அலகுத் துடுப்பு பயன்படுத்தும் கே.எல்.2 கயாக் பிரிவில் தங்கம், ஒற்றை அலகுத் துடுப்பு பயன்படுத்தும் வி.எல்.2 பிரிவில் வெள்ளி. ஓட்டியவர் ஒருவரே, ஆனால் படகு மாறியதும் துடுப்பும் மாறிவிட்டது.

அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அர்ஜுன் சிங், சுனில் சிங் ஜோடி வெண்கலம் வென்றது சி-2 ஆயிரம் மீட்டர் பிரிவில். அது கனூ. முழங்காலிட்டு, ஒற்றை அலகுத் துடுப்பால் ஓட்ட வேண்டிய போட்டி.

ஆக, கயாக் வாடகைக்கு எடுக்கும்போது கையில் இரட்டை அலகுத் துடுப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றுகொண்டு ஓட்டும் பலகைக்கான நீண்ட ஒற்றைத் துடுப்பைக் கொடுத்தால், அன்புடன் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நீளம்: முதலில் படகின் அகலம், பிறகு உங்கள் உயரம்

"நான் ஆறடி, எனக்கு நீளமான துடுப்பு வேணும்" என்று கேட்பது பாதி மட்டுமே சரி. உயரத்தை விட முக்கியமானது படகின் அகலம்.

காரணம் எளிமையானது. படகு அகலமாக இருந்தால், உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து தண்ணீர் தூரத்தில் இருக்கும். துடுப்பு குட்டையாக இருந்தால் எட்டாது. எட்டுவதற்காக ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் சாய வேண்டியிருக்கும். விரல் முட்டிகள் படகின் விளிம்பில் உரசும். அரை மணி நேரத்தில் தோல் பிய்ந்துவிடும். மாறாக, குறுகிய படகுக்கு நீளமான துடுப்பு எடுத்தால் அலகு படகை விட்டு வெகுதூரத்தில் விழும். ஒவ்வொரு போடலுக்கும் படகின் மூக்கு இடமும் வலமும் திரும்பும். நேராகப் போக வேண்டிய சக்தி, திருப்பத்தை சரி செய்வதிலேயே வீணாகும்.

அமைதியான நீரில் நிதானமாக ஓட்டுபவர்களுக்குப் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு இதுதான்:

• படகின் அகலம் 23 இன்ச்சுக்குக் குறைவு: 210 முதல் 220 செ.மீ.
• 23 முதல் 28 இன்ச்: 220 முதல் 230 செ.மீ.
• 28 முதல் 32 இன்ச்: 230 முதல் 240 செ.மீ.
• 32 இன்ச்சுக்கு மேல்: 240 முதல் 250 செ.மீ.

இந்த வரம்புக்குள் எதை எடுப்பது என்று முடிவு செய்யத்தான் உயரம். ஐந்தரை அடிக்குக் கீழே இருப்பவர்கள் சிறிய அளவையும், ஆறடிக்காரர்கள் பெரிய அளவையும் எடுக்கலாம். சுற்றுலா இடங்களில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மேலே உட்கார்ந்து ஓட்டும் அகலமான பிளாஸ்டிக் கயாக்குகள். இரண்டு பேர் போகும் படகு இன்னும் அகலம். ஆகவே அங்கே 230 செ.மீ.க்குக் குறைவான துடுப்பு கையில் வந்தால், "இதைவிட நீளமா இருக்காண்ணே?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

டேப் எல்லாம் கையில் இல்லை என்றால்? படகில் உட்கார்ந்து துடுப்பைப் போட்டுப் பாருங்கள். உடம்பைச் சாய்க்காமலேயே அலகு முழுவதும் தண்ணீரில் முங்க வேண்டும். தண்டு முங்கக் கூடாது. விரல் படகில் இடிக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் நீளம் சரி.

பெரிய அலகு என்றால் அதிக வேகமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கடையில் போய் நிற்கும்போது பெரிய அலகைப் பார்த்தால் "நல்லா தள்ளும்" என்று தோன்றும்.

கல்வராயன் மலைப் பக்கம் கேழ்வரகுக் களி கிண்டும் வீடுகளில் கேட்டால் இதற்குப் பதில் கிடைக்கும். களி கிண்டும் கட்டைக்கும் துடுப்பு என்ற பெயர் உண்டு. கல்யாண வீட்டு அண்டாவுக்கு உள்ள துடுப்பை எடுத்து நாலு பேருக்கான பானையில் கிண்டினால் என்ன ஆகும்? களி சீக்கிரம் வெந்துவிடாது, கைதான் வலிக்கும். தண்ணீரிலும் அதே கணக்குதான்.

பெரிய அலகு ஒரு போடலில் அதிக தண்ணீரைத் தள்ளும், உண்மைதான். ஆனால் அதைத் தள்ள ஒவ்வொரு முறையும் அதிக பலம் வேண்டும். சைக்கிளில் ஏற்றத்தில் பெரிய கியர் போட்டு மிதிப்பது போல. பத்து நிமிடத்துக்குப் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் என்றால் தோள்பட்டை தாங்காது. சிறிய அலகில் கொஞ்சம் வேகமாக, இலகுவாகப் போட்டுக்கொண்டே போகலாம்.

இதற்கு ஒரு வரலாற்றுச் சான்றும் உண்டு. கயாக்கே வட துருவப் பகுதியில் வாழும் இனுய்ட் போன்ற பழங்குடி மக்கள் வேட்டைக்காக உருவாக்கிய படகு. கிரீன்லாந்தில் அவர்கள் பயன்படுத்திய மரத் துடுப்பின் அலகு உள்ளங்கையால் பிடித்துவிடும் அளவுக்கு ஒல்லியானது. அதை வைத்துக்கொண்டுதான் குளிர்ந்த கடலில் நெடுந்தூரம் போய் வந்தார்கள். இன்றும் அந்த வடிவத்தைத் தேடி வாங்கும் கடல் கயாக் பயணிகள் இருக்கிறார்கள்.

எடை: ஒரு சின்ன கணக்கு

துடுப்பின் விலையை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் அதன் பொருள்தான். மூன்று வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன.

அலுமினியத் தண்டும் பிளாஸ்டிக் அலகும் உள்ளவை விலை குறைவு, அடி தாங்கும். வாடகை இடங்களில் அதிகம் கிடைப்பது இதுதான். எடை ஒரு கிலோவைத் தாண்டும். நம் ஊர் வெயிலில் அலுமினியம் சுடும் என்பதும், உப்புத் தண்ணீரில் அரிக்கும் என்பதும் கூடுதல் குறைகள்.

ஃபைபர் கிளாஸ் துடுப்பு நடுத்தர விலை, நடுத்தர எடை. அடிக்கடி ஓட்டுபவர்களுக்கு இது போதும்.

கார்பன் ஃபைபர் துடுப்பு மிக இலகு, விலையும் மிக அதிகம். பாறையில் ஓங்கி இடித்தால் விரிசல் விடும் ஆபத்தும் உண்டு.

முந்நூறு கிராம் வித்தியாசத்துக்கு இவ்வளவு செலவு தேவையா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 50 முறை துடுப்பு போடுவதாக வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 3,000 முறை. ஒவ்வொரு முறையும் 300 கிராம் கூடுதல் என்றால், மொத்தம் 900 கிலோ. வருடத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வாரா வாரம் ஓட்டுபவருக்கு, தோள் வலி வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பதே இதுதான்.

எப்படி ஓட்டப் போகிறீர்கள்?

துடுப்பைப் போடும் விதத்தில் இரண்டு வகை. தண்டைத் தாழ்வாக, மார்புக்குக் கீழே வைத்து நிதானமாகப் போடுவது ஒன்று. ஏரி, காயல், அலையாத்திக் காடு என்று ஊர் சுற்றிப் பார்ப்பவர்கள் இப்படித்தான் ஓட்டுவார்கள். இதற்கு நீளமான தண்டும் ஒல்லியான, நீண்ட அலகும் பொருத்தம்.

மற்றொன்று, மேல் கை முகத்துக்கு நேராக வரும்படி தண்டைச் செங்குத்தாகப் பிடித்து வேகமாகப் போடுவது. இதற்கு மேலே சொன்ன அளவை விடச் சுமார் 10 செ.மீ. குறைந்த தண்டும், குட்டையான அகல அலகும் வேண்டும்.

பாறைகளுக்கு நடுவே பாயும் ஆற்றில் ஓட்டுவது தனி ரகம். கேரளாவின் கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி பகுதியில் மழைக்காலத்தில் நடக்கும் மலபார் ஆற்றுத் திருவிழாவில் பங்கேற்கும் வீரர்கள் 190 முதல் 200 செ.மீ. அளவிலான குட்டையான, உறுதியான துடுப்புகளையே பயன்படுத்துவது வழக்கம். சட்டென்று திருப்ப, சட்டென்று தாங்க, நீளம் இடைஞ்சல். அதைப் பார்த்துவிட்டு அதே துடுப்பை வாங்கி ஏரியில் ஓட்டினால், பாவம் கைதான்.

இரண்டு அலகும் ஒரே கோணத்தில் இல்லையே, உடைந்ததா?

உடைந்ததில்லை. வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். ஒரு அலகு தண்ணீரில் இருக்கும்போது, மற்றொரு அலகு காற்றில் இருக்கும். எதிர்க்காற்று அடித்தால் அந்த அலகு முறம் மாதிரி காற்றைத் தடுக்கும். இரண்டு அலகையும் 30 முதல் 60 டிகிரி வரை திருப்பி வைத்தால், மேலே இருக்கும் அலகு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்.

ஆனால் இதற்கு ஒவ்வொரு போடலுக்கும் ஒரு கை மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். பழக்கம் இல்லாதவர்களுக்கு மணிக்கட்டு வலி வரும். புதியவர்கள் கோணத்தை பூஜ்ஜியத்தில், அதாவது இரண்டு அலகும் ஒரே தளத்தில் இருக்கும்படி வைத்துத் தொடங்குவதே நல்லது. பெரும்பாலான இரண்டு துண்டுத் துடுப்புகளில் நடுவில் உள்ள பொத்தானை அழுத்தி இதை மாற்றிக்கொள்ளலாம்.

நல்ல துடுப்பையே தலைகீழாகப் பிடித்தால்?

சரியான துடுப்பு கிடைத்த பிறகும் பலர் கோட்டை விடுவது இங்கேதான். மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

1. அலகின் ஒரு பக்கம் கரண்டி போலக் குழிந்திருக்கும். குழிந்த பக்கம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும்.

2. பல அலகுகளில் மேல் விளிம்பு நீளமாகவும் கீழ் விளிம்பு குறைவாகவும் வெட்டப்பட்டிருக்கும். நீளமான விளிம்பு மேலே வர வேண்டும். அலகில் எழுத்து இருந்தால் அது தலைகீழாகத் தெரியக் கூடாது.

3. துடுப்பைத் தலைக்கு மேல் வைத்துப் பிடியுங்கள். இரண்டு முழங்கைகளும் செங்கோணத்தில் மடங்கியிருந்தால், கைகளுக்கு இடையே உள்ள இடைவெளி சரி.

இன்னொன்று, பிடியின் பருமன். சிறிய கை உள்ளவர்கள், குறிப்பாகச் சிறுவர்கள், தடித்த தண்டைப் பிடித்தால் விரல்கள் முழுதாகச் சுற்றாது. விடாமல் இருக்க இறுக்கிப் பிடிப்பார்கள். சீக்கிரமே முன்கை மரத்துப்போகும். அவர்களுக்கு ஒல்லியான தண்டுள்ள துடுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

சொந்தமாக வாங்கலாமா?

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் ஓட்டுபவர்களுக்குச் சொந்தத் துடுப்பு தேவையில்லை. மாதம் ஒருமுறையாவது ஓட்டுகிறீர்கள், படகு மட்டும் வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால், இரண்டு துண்டாகக் கழற்றும் ஃபைபர் கிளாஸ் துடுப்பு நல்ல முதலீடு. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் எந்தப் படகுக்கும் பொருந்தும். பஸ்ஸிலும் எடுத்துப் போகலாம்.

வாங்கும் முன் நடு இணைப்பை மாட்டி ஆட்டிப் பாருங்கள். லொட லொடவென்று ஆடினால் வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஓட்டிய பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, இணைப்பைக் கழற்றிக் காய வையுங்கள். அப்படியே விட்டால் மணலும் உப்பும் சேர்ந்து இணைப்பு இறுகிவிடும். பிறகு இரண்டு பேர் பிடித்து இழுத்தாலும் வராது.

துடுப்பு சரியாக இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணையும், சூளாங்குறிச்சி அருகே மணிமுக்தா அணையும் இருக்கின்றன. பரந்து கிடக்கும் தண்ணீரைப் பார்த்ததும் "ஒரு கயாக் கொண்டுவந்து இறக்கினா என்ன?" என்று தோன்றலாம். இரண்டுமே பாசனத்துக்கான அணைகள். அனுமதி இல்லாமல் படகு இறக்கக் கூடாது. மதகுக்கு அருகே இழுப்பு எவ்வளவு இருக்கும் என்பது மேலே இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. மலையில் மழை பெய்தால் கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வரும். அருவிகளுக்குக் கீழே உள்ள தடாகங்களும் கயாக் ஓட்டும் இடமல்ல.

அனுமதி உள்ள இடத்தில் ஓட்டும்போதும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். "எனக்கு நீச்சல் தெரியும்" என்பது அதற்கு மாற்று இல்லை. துடுப்பைப் படகோடு இணைக்கும் கயிறு கிடைத்தால் திறந்த நீர்ப்பரப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். துடுப்பு கை நழுவி மிதந்து போய்விட்டால், கயாக் வெறும் பிளாஸ்டிக் தொட்டிதான். ஆனால் பாறை நிறைந்த வேகமான ஆற்றில் அந்தக் கயிறே காலைச் சுற்றி ஆபத்தாகும். அங்கே வேண்டாம்.

காற்றையும் கவனியுங்கள். கடலோரத்தில் மதியம் நெருங்க நெருங்கக் கடல் காற்று வலுக்கும். காலையில் சும்மா வழுக்கிக்கொண்டு போன அதே தூரம், மதியம் எதிர்க்காற்றில் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கலாம். கை ஓய்ந்துபோன அந்த நேரத்தில்தான் படகு கவிழ்வதும், திசை மாறிப்போவதும் நடக்கிறது. அதனால்தான் தெம்பு பாதி மீதம் இருக்கும்போதே திரும்ப வேண்டும் என்கிறார்கள். முடிந்தவரை எதிர்க்காற்றில் புறப்பட்டு, காற்றோடு திரும்பும்படி பாதையை அமைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் முன் ஒரு நிமிடம்

• படகின் அகலத்துக்கு ஏற்ற நீளமா?
• குழிந்த பக்கம் உங்களைப் பார்க்கிறதா?
• இரண்டு அலகும் ஒரே கோணத்தில் இருக்கிறதா?
• நடு இணைப்பு ஆடாமல் இருக்கிறதா?
• அலகில் விரிசல் இல்லையே?
• லைஃப் ஜாக்கெட் பட்டை இறுக்கமாக இருக்கிறதா?

இந்த ஆறையும் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. துடுப்பு சரியில்லை என்று தோன்றினால், கூச்சப்படாமல் கரையிலேயே மாற்றிக் கேளுங்கள். நடுத் தண்ணீருக்குப் போன பிறகு மாற்றித் தர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.